ஆள் இல்லை

ஒரு பெட்டி பன்னிரண்டு கிலோ. சீதாலெட்சுமி அக்காவுக்கு மாதம் இருபத்து நான்கு பெட்டி. கிள்ளான் பக்கம் பண்டமாரானில் அவர் குடியிருந்த பிளாட்டில் லிஃப்ட் கிடையாது, வீடு நாலாவது மாடி. லோரி டிரைவர் பக்கிரிசாமி தோளில் ஒன்றும் இடுப்போடு அணைத்து ஒன்றுமாகப் பன்னிரண்டு நடை ஏறி இறங்குவார். ஏழாவது நடையில் முழங்கால் முனக ஆரம்பிக்கும். பத்தாவதில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். கடைசிப் பெட்டியை உள் அறையில் சுவரோரம் அடுக்கி முடித்ததும் அக்கா ஒரு குவளை ரோஜா சீராப் தண்ணீரைக் கலக்கிக் கொடுப்பார். அதைக் குடித்துவிட்டுத்தான் அடுத்த வீடு. ஆறு வருஷமாக இது ஒரு மாதமும் தவறியதில்லை.

பெட்டிக்குள் இருப்பது மருந்துத் தண்ணீர்ப் பைகள். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டவர்கள் வயிற்றில் பொருத்திய குழாய் வழியாக அந்தத் தண்ணீரை ஏற்றி, நாலைந்து மணி நேரம் வைத்திருந்து, பிறகு இறக்கிவிட வேண்டும். உடம்பின் அழுக்கு அதோடு வெளியே வரும். ஒரு நாளைக்கு நாலு தடவை. வீட்டிலேயே செய்துகொள்ளலாம் என்பதுதான் அதில் ஒரு நிம்மதி. அக்கா கையுறைத் தொழிற்சாலையில் இருபது வருஷம் நின்றே வேலை பார்த்தவர். இனி ஆஸ்பத்திரிக் கட்டிலில் போய்ப் படுக்க மாட்டேன் என்று பிடிவாதமாக இதைத்தான் கேட்டு வாங்கியிருந்தார்.

அந்தப் பெட்டிகளைத்தான் பக்கிரிசாமி கொடுக்காமலே கொடுத்ததாக எழுதிவிட்டார் என்று கம்பெனி சொன்னது. நவம்பர் பதினேழாம் தேதி, திங்கட்கிழமை காலை, புக்கிட் ராஜா டிப்போவில் சூப்பர்வைசர் லிம் அவரை உள்ளே கூப்பிட்டு, லோரிச் சாவியை மேசைமேல் வைக்கச் சொன்னார். விசாரணை முடியும்வரை வீட்டில் இருக்கவேண்டுமாம். அக்கா சனிக்கிழமை மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தார். மகள் வாணி புகார் கொடுத்திருந்தாள். கணினியில் பக்கிரிசாமியின் பெயரும், நாலாம் தேதி, பதினொன்று இருபது என்று நேரமும், பக்கத்திலேயே ‘முடிந்தது’ என்ற சொல்லும் இருந்தன.

“நா முடிஞ்சதுன்னு அமுக்கல பாஸ். ஆள் இல்லைன்னுதான் அமுக்கினேன்” என்று அவர் மலாய் மொழியில் மூன்று தடவை சொன்னார். லிம் திரையைத் திருப்பிக் காட்டினார்.

அன்றிலிருந்து வீட்டில்தான். கம்போங் ஜாவா பக்கத்தில் பழைய தாமான் குடியிருப்பில் ஓர் ஒற்றை மாடி வீடு. மனைவி இராஜம்மா பள்ளிக்கூடக் கேண்டீனில் சமைப்பவள். விடிகாலையில் நாசி லெமாக் சோற்றுக்குச் சம்பால் கிளறிவிட்டு மோட்டார் சைக்கிளில் போய்விடுவாள். பிறகு வீட்டில் பக்கிரிசாமியும் மழையும் மட்டும். அந்த மாதம் பகல் இரண்டு மணிக்கெல்லாம் வானம் கறுத்து, மூன்று மணிக்குக் கொட்டித் தீர்த்தது. அவர் வாசல் கிரில்லைப் பிடித்துக்கொண்டு, தெருவில் போகிற ஒவ்வொரு லோரியையும் பார்த்துக்கொண்டு நிற்பார். டயரில் காற்று குறைந்திருந்தால் சத்தத்திலேயே தெரிந்துவிடும் அவருக்கு.

நாலாம் தேதி நடந்தது இதுதான். ஒன்றாம் தேதியிலிருந்து புது முறை வந்திருந்தது. ஆஸ்பத்திரி ஆர்டர் போடுகிற சிஸ்டம், கம்பெனி ஸ்டோரின் சிஸ்டம், டிரைவர் கையில் இருக்கும் போன், மூன்றும் இனிமேல் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் என்றார் லிம். யாரும் யாருக்கும் போன் போட வேண்டாம், காகிதம் வேண்டாம், ஞாபகம்கூட வேண்டாம். பழைய கம்பெனி கைப்பேசிகளையெல்லாம் வாங்கி ஒரு பெட்டியில் போட்டுப் பூட்டினார்கள். பக்கிரிசாமியின் நோயாளிகள் அறுபத்து மூன்று பேரின் நம்பர்களும் அதில்தான் இருந்தன.

அன்று அக்கா வீட்டுக் கதவு பூட்டியிருந்தது. வாணி அம்மாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போயிருக்கிறாள் என்பது பிறகுதான் தெரிந்தது. முன்பென்றால் பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாவிடம் சாவி வாங்கி அவரே உள்ளே அடுக்கிவிட்டு வந்திருப்பார். இப்போது கையெழுத்தைத் திரையில் வாங்காமல் பெட்டியை இறக்கக் கூடாது என்று கட்டளை. இருபது நிமிஷம் நின்றார். போன் சிவப்பில் மின்னியது. ‘ஆள் இல்லை’ என்ற பொத்தானை அமுக்கினார். பெட்டிகள் மாலையில் டிப்போவுக்குத் திரும்பின. மறுநாள் அவருக்குச் சுங்கை பூலோ பக்கம் தடம் மாற்றிக் கொடுத்தது அந்தப் போன். அக்காவின் பெட்டிகளை வேறு டிரைவர் கொண்டுபோயிருப்பான் என்று இருந்துவிட்டார்.

இதுவரை எல்லாரிடமும் சொன்னார். சொல்லாதது ஒன்று இருந்தது.

பத்தாம் தேதி சாயங்காலம், லோரியை ஒதுக்கிவிட்டுக் கழிவறைக்குப் போகும் வழியில், ஏழாம் எண் அடுக்கில் அந்தப் பெட்டிகளைப் பார்த்தார். இருபத்து நான்கும் பிளாஸ்டிக் சுற்றியபடி அப்படியே இருந்தன. சீட்டில் பெயர்: சீதாலெட்சுமி த/பெ பெருமாள். அவர் நின்று அதைப் படித்தார். ஆறு நாள் ஆச்சே என்று மனசுக்குள் கணக்கும் ஓடியது. மழை வருவதற்குள் வீட்டுக்குப் போய்விடவேண்டும் என்ற நினைப்பும் கூடவே ஓடியது. நடந்து போய்விட்டார்.

*

ஞாயிற்றுக்கிழமை பகல், நல்ல மழையில், வாசலில் ஒரு சின்னக் காடி வந்து நின்றது. குடையை விரிக்கத் தெரியாமல் விரித்துக்கொண்டு காரிலிருந்து ஒரு பெண் இறங்கினாள். முப்பது வயசுக்குள்தான் இருக்கும். கழுத்தில் வேலை அட்டை தொங்கியது. ஞாயிற்றுக்கிழமைகூடக் கழற்ற மறந்திருந்தாள்.

“பக்கிரிசாமி அங்கிள் வீடுதானே? நான் வசுந்தரா. பெட்டாலிங் ஜெயா ஆபீஸ்ல, சிஸ்டம் டிபார்ட்மெண்ட்.”

பக்கிரிசாமி கைலியைச் சரிசெய்துகொண்டு கிரில்லைத் திறந்தார். விசாரணைக்கு ஆள் அனுப்பியிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தார். இராஜம்மா சமையல்கட்டிலிருந்து கையைத் துடைத்தபடி வந்து நின்றாள்.

“உக்காருமா. பசியாறிட்டியா?” என்று கேட்டாள். யாராக இருந்தாலும் முதலில் அதைத்தான் கேட்பாள்.

“ஆச்சு ஆன்டி. ஒண்ணும் வேணாம்.” அவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. “அங்கிள், நான் வந்தது ஆபீஸுக்குத் தெரியாது. ஒரு விஷயம் சொல்லிட்டுப் போறேன். பிழை என்னோடது.”

பிழை என்ற சொல்லைப் பக்கிரிசாமி பேச்சில் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது. “நீங்க சிலோன்காரங்களாம்மா?”

“ஓம் அங்கிள். தாத்தா யாழ்ப்பாணம். நாங்க பிரிக்பீல்ட்ஸ்.” அவள் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தாள். எடுத்தவள் அதைப் பிரிக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டாள். “உங்க போன்ல மூணு பட்டன் இருக்குதானே? கொடுத்தாச்சு, வேண்டாம்னுட்டாங்க, ஆள் இல்லை. ஆஸ்பத்திரி சிஸ்டத்துல மூணு கிடையாது, ரெண்டுதான். ஒண்ணு, இன்னும் நடக்குது. இன்னொண்ணு, முடிஞ்சது. உங்க மூணை அவங்க ரெண்டுக்குள்ள கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலை என்னோடது. நான் ‘ஆள் இல்லை’யை ‘முடிஞ்சது’ல போட்டேன்.”

“ஏம்மா அப்படி?”

“டிரைவர் போன நடை முடிஞ்சுதுதானே, திரும்ப அனுப்பணும்னா ஆஸ்பத்திரி புது ஆர்டர் போடும்னு நெனைச்சேன். அவங்க முடிஞ்சதுன்னு பாத்ததும் பெட்டி போய்ச் சேர்ந்துட்டுதுன்னு எடுத்துக்கிட்டாங்க. நம்ம ஸ்டோர் புது ஆர்டர் வந்தா அனுப்புவோம்னு அடுக்குல வச்சிருந்துச்சு.” அவள் காகிதத்தின் மடிப்பைத் தேய்த்தாள். “மூணு பக்கமும் சரியாத்தான் வேலை செஞ்சுது. நடுவுல பெட்டி மட்டும் நின்னுடுச்சு.”

இராஜம்மாவுக்குப் பாதி புரிந்தது. புரிந்த பாதியே அவளுக்குப் போதுமாக இருந்தது. “அப்ப இவரு மேல தப்பே இல்லதானே?”

“இல்ல ஆன்டி. அங்கிள் சரியான பட்டனைத்தான் அமுக்கியிருக்காரு. அந்தப் பதிவு உள்ள பத்திரமா இருக்கு. நானே பாத்தேன், இந்தக் காகிதத்துல எடுத்துட்டு வந்திருக்கேன்.”

“பாத்தீங்களா! நா சொன்னேன்ல!” இராஜம்மா கணவன் பக்கம் திரும்பினாள். பிறகு வசுந்தராவிடம் சொன்னாள். “ஒரு வாரமா மனுஷன் சோறு திங்கலம்மா. திருட்டுப் பட்டம் கட்டி வுட்டாங்களே, அந்த அக்கா வீட்டுல எத்தன தடவ தண்ணி வாங்கிக் குடிச்சிருக்காரு...”

பக்கிரிசாமி காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: “ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி சோதிச்சுப் பாத்திருப்பீங்கதானே?”

“பாத்தோம். மூணு வாரம் பாத்தோம்.” வசுந்தராவின் கண் கலங்கியது. “நாங்க எழுதின எல்லா சோதனையிலயும் வீட்டுல யாராச்சும் இருந்தாங்க அங்கிள்.”

மழை தகரக் கூரையில் அறைந்துகொண்டிருந்தது. இராஜம்மா உள்ளே போய் மைலோ கலக்கிக் கொண்டுவந்தாள். இந்தத் தடவை வசுந்தரா மறுக்கவில்லை. இரண்டு கையாலும் குவளையைப் பிடித்துக்கொண்டாள்.

மேலதிகாரி வேறு மாதிரி சொல்லச் சொல்கிறாராம். ‘தற்காலிகத் தொழில்நுட்பத் தாமதம்’ என்று ஒரு கடிதம் போகும். பக்கிரிசாமியைச் சத்தமில்லாமல் வேலைக்குக் கூப்பிட்டுக்கொள்வார்கள். யார் பெயரும் வெளியே வராது. இதே மாதிரி இன்னும் பதினாறு வீடு இருந்ததாம். பால் மாவு, சக்கர நாற்காலிச் சக்கரம், இப்படி. அவர்களெல்லாம் சத்தம் போட்டு வாங்கிக்கொண்டார்கள். இந்த ஒரு வீட்டில்தான் உயிர் தொங்கியது.

“நான் அந்த அம்மாவைப் பார்த்து நேர்ல சொல்லணும் அங்கிள். வீட்டுல அப்பாவோட கதைச்சேன், வக்கீலைக் கேக்காம வாயைத் திறக்காதேங்கிறாரு. எனக்கு ரெண்டு நாளா தூக்கமே இல்ல. நாளைக்கு லீவு போட்டிருக்கேன். நீங்க என்னோட வருவீங்களா? என்னை அவங்களுக்குத் தெரியாது.”

“வரேன்” என்றார் பக்கிரிசாமி. உடனே எழுந்து அவள் குடையை எடுத்து நீட்டினார். அவள் அதைச் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டாள்.

*

அவள் போனபிறகு இராஜம்மா விளக்கேற்றி, முருகன் படத்துக்கு ஊதுபத்தி கொளுத்தினாள். ஒரு வாரத்துக்குப் பிறகு கருவாட்டுக் குழம்பு கொதித்தது. கத்தரிக்காயும் மாங்காயும் போட்டு, அவருக்குப் பிடித்த மாதிரி. தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள். அவர் பிசைந்துகொண்டே இருந்தார்.

“என்னாங்க? அதான் எல்லாம் தெளிஞ்சிருச்சே.”

“ராஜி, நா அந்தப் பொட்டிய பாத்தேன்.”

“எந்தப் பொட்டி?”

“அக்கா பொட்டி. பத்தாந்தேதி. டிப்போவுல, ஏழாம் நம்பர் அடுக்குல. பேரப் படிச்சேன்.”

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. “பாத்துட்டு?”

“வூட்டுக்கு வந்துட்டேன்.”

குழம்புச் சட்டியின் கீழே தணலாய் எரிந்த அடுப்பை எழுந்துபோய் அணைத்துவிட்டு வந்தாள். வரும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டாள், வீட்டில் வேறு யாரும் இல்லாவிட்டாலும். “லிம் ஒங்கள திட்டுனாருன்னு சொன்னீங்களே, புது போன் குடுத்த அன்னிக்கு. ஒன் போன்ல இல்லாத பொட்டி ஒன் பொட்டி இல்லன்னு.”

“திட்டுனாரு. ஆனா அன்னிக்கு அது ஞாபகமே வரல ராஜி. பயந்து போயி வரல. சும்மா வந்துட்டேன். சிஸ்டம் பாத்துக்கும்னு நெனைச்சேன். மழை வருதேன்னு நெனைச்சேன். லிம் கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, இல்ல மறுநாள் பசியாற போற வழியில அந்த வூட்டுக்கு ஒரு எட்டு போயிருந்தா... அஞ்சு நாள் இருந்துச்சு. அக்கா ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடி முழுசா அஞ்சு நாள்.”

“இதை யாருகிட்ட சொன்னீங்க?”

“ஒன்கிட்டதான்.”

“சரி. எங்கிட்டயே இருக்கட்டும்.” அவள் அவர் கையைப் பிடித்தாள். சோற்றுக் கை. “நா சொல்றத கேளுங்க. அந்தப் பொண்ணு படிச்ச பொண்ணு, தானா வந்து தன் தப்புன்னு சொல்லிருச்சு. ஒங்கள யாரும் கேக்கல. கேமராவுல பாத்தாங்களா, இல்ல. நீங்களா போயி தலைய குடுத்தா, அந்த லிம்முக்கு ஒரு காரணம் கெடச்சிரும். அம்பத்து நாலு வயசுல யாருலா ஒங்களுக்கு லோரி குடுப்பா? நாளைக்கு அங்க போங்க, அக்காவ பாருங்க, வாய மூடிக்கிட்டு வந்துருங்க.”

“அந்தப் பொண்ணு பொட்டியக் கண்ணால பாக்கல ராஜி. கம்ப்யூட்டருக்குள்ள ஒரு எடத்துல தப்பா போட்டிருச்சு. நா பேரையே படிச்சேன். அந்த பேரு யாருன்னு எனக்குத் தெரியும். அந்த வூட்டுல எத்தன படின்னு தெரியும்.”

இராஜம்மா கையை எடுத்துக்கொண்டாள். அவர் தட்டில் இருந்ததை முழுக்கச் சாப்பிட்டார், அவளுக்காக. அதன் பிறகு அன்று இருவரும் அதைப்பற்றிப் பேசவில்லை.

காலையில் அவர் சட்டை போட்டுக்கொண்டு வெளியே வந்தபோது மேசைமேல் ஒரு தூக்குச்சட்டி இருந்தது. “நோயாளிக்கு இல்ல. அவங்களுக்கு உப்பு ஆகாது. அந்தப் பொண்ணு வாணிக்கு. ஆஸ்பத்திரியிலயே கெடக்குதாம், என்னத்த திங்குதோ” என்றாள் இராஜம்மா, அவர் முகத்தைப் பார்க்காமல். மோட்டாரை உதைத்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

*

பெண்கள் வார்டில் ஜன்னலோரக் கட்டில். அக்கா தலையணையை உயர்த்திச் சாய்ந்திருந்தார். முகம் ஊதியிருந்தது. கால்கள் போர்வைக்கு வெளியே, அமுக்கினால் பள்ளம் விழுகிற மாதிரி. கழுத்தில் புதுசாக ஒரு குழாய் தைத்திருந்தார்கள். பக்கிரிசாமி அந்தக் குழாயைப் பார்த்துவிட்டு உடனே பார்வையைக் கீழே இறக்கினார்.

கட்டிலருகே நின்ற வாணி அவரைப் பார்த்ததும் விறைத்தாள். போர்ட் கிள்ளானில் ஒரு கப்பல் ஏஜெண்ட் ஆபீஸில் குமாஸ்தா அவள். முன்பெல்லாம் அங்கிள், அங்கிள் என்று வாய் ஓயாது.

“எதுக்கு வந்தீங்க?”

“நான்தான் கூட்டிக்கிட்டு வந்தேன்” என்றாள் வசுந்தரா. தன் பெயரைச் சொன்னாள், வேலையைச் சொன்னாள். நேற்று சொன்னதையெல்லாம் அதே வரிசையில் சொன்னாள். மூன்று பட்டன், ஆஸ்பத்திரியின் இரண்டு பதில், நடுவில் அவள் போட்ட பாதை. நின்றுகொண்டே சொன்னாள். சொல்லி முடித்தபோது கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்திருந்தாள்.

வாணி கத்துவாள் என்று பக்கிரிசாமி எதிர்பார்த்தார். அவள் கத்தவில்லை. “நா ஒங்க கம்பெனிக்கு ஆறு தடவ போன் அடிச்சேன்” என்றாள். “ஒவ்வொரு தடவையும் ஒரு பொண்ணு, ரொம்ப மரியாதையா, சிஸ்டத்துல டெலிவரி ஆயிடுச்சு மேடம்னு சொல்லுச்சு. அம்மா வூட்டுலதான் இருக்காங்க, பொட்டி இல்லைன்னு சொன்னா, மூணு நாள்ல பதில் வரும் மேடம். எனக்கே சந்தேகம் வந்துருச்சு தெரியுமா? அம்மாதான் எங்கயாவது வச்சிட்டு மறந்துட்டாங்களோன்னு. இருபத்து நாலு பொட்டிய எங்கலா மறந்து வைக்க முடியும்? அம்மாவ நா திட்டினேன்.”

“போதும் வாணி” என்றார் சீதாலெட்சுமி. மூச்சு வாங்கி வாங்கித்தான் சொல் வந்தது. “அழாதம்மா. ஒன் பேரு என்ன சொன்ன?”

“வசுந்தரா, அம்மா.”

“ஆஸ்பத்திரியில கடனா கொஞ்சம் பை குடுத்தாங்க. நாலு தடவைய ரெண்டாக்கினேன். அப்புறம் ஒண்ணு. நாளைக்கு வந்துரும், நாளைக்கு வந்துரும்னு இருந்தேன். வாணிகிட்ட ஒழுங்கா பண்றேன்னு பொய் சொன்னேன். எம்மேலயும் தப்பு இருக்குதான்.” அவர் பக்கிரிசாமியைப் பார்த்தார். “தம்பிகிட்ட சொன்னா போதும்னுதான் ஒன் நம்பருக்கு அடிச்சுக்கிட்டே இருந்தேன். அடிச்சுது, அடிச்சுது, யாரும் எடுக்கல. ஒனக்கு ஒடம்பு சரியில்லயோன்னு நெனைச்சேன்.”

பூட்டிய பெட்டிக்குள், சார்ஜ் தீரும்வரை, அந்தக் கைப்பேசி ஒலித்துக்கொண்டிருந்திருக்கும்.

“சரி, விடு. தம்பி மேல தப்பு இல்லைன்னு தெரிஞ்சதே. அது போதும் எனக்கு. அதை நெனைச்சுத்தான் கஷ்டமா இருந்துச்சு.”

வாணி அவர் பக்கம் திரும்பி, “சாரி அங்கிள்” என்றாள். மெல்லிய குரலில். தூக்குச்சட்டியை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினாள்.

அவர் கொடுக்கவில்லை. “இரும்மா” என்றார். “அக்கா, நா பொட்டிய பாத்தேன்.”

தூக்குச்சட்டியை இறுகப் பிடித்துக்கொண்டு மேலே சொன்னார். “பத்தாந்தேதி டிப்போவுல இருந்துச்சு. ஒங்க பேரு போட்டிருந்துச்சு. நின்னு படிச்சேன். அப்புறம் யாருகிட்டயும் சொல்லாம வூட்டுக்குப் போயிட்டேன். இந்தப் பொண்ணுக்கு இது தெரியாது. யாருக்கும் தெரியாது.”

வசுந்தரா தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள்.

வாணியின் நீட்டிய கை அப்படியே கீழே இறங்கியது. “பத்தாந்தேதியா? பத்தாந்தேதி அம்மா நடந்துக்கிட்டு இருந்தாங்க. பூஜை சாமான் வாங்க எங்கூட பாசாருக்கு வந்தாங்க.” அவள் ஓரடி முன்னால் வந்தாள். “ஏன்? வேலை போயிரும்னு பயமா?”

“பயம்னு சொன்னா பொய்யாயிரும்மா. ஒண்ணும் இல்ல. நடந்து போயிட்டேன்.”

“இதையும் எழுதுவேன். புகார்ல.”

“எழுதும்மா.”

சீதாலெட்சுமி கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்கிவிட்டாரோ என்று தோன்றும் அளவுக்கு நேரம் போனது. பக்கத்துக் கட்டிலில் யாரோ ஆரஞ்சு உரித்தார்கள், வாசனை வந்தது.

“நீ சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது” என்றார் கடைசியில்.

“ஆமாக்கா.”

“தெரியாம இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும் தம்பி. ஆறு வருஷம் ஒன்ன என் கூடப்பொறந்தவனா நெனைச்சேன்.” அவர் கண்ணைத் திறக்கவில்லை. “வயித்துக் குழாய எடுத்துட்டாங்க. புண்ணாயிருச்சாம். இனிமே வூட்டுல பண்ண முடியாது. வாரத்துக்கு மூணு நாள் சென்டருக்குப் போயி மெஷின்ல படுக்கணும். ஒன் பொட்டி இனிமே வராது. போயிட்டு வா. எனக்கு அசதியா இருக்கு.”

அவர் தூக்குச்சட்டியைக் கட்டிலுக்கடியில் ஓரமாக வைத்துவிட்டு வெளியே வந்தார்.

காடி நிறுத்துமிடத்தில் மழை தூற ஆரம்பித்திருந்தது. வசுந்தரா சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கதவைத் திறக்காமல் நின்றாள். “ஏன் அங்கிள் என்கிட்ட முன்னாடியே சொல்லல?”

“சொன்னா, வேணாம்னு என்ன தடுத்திருப்ப.”

அவள் மறுக்கவில்லை. பாதி வழியில், சிவப்பு விளக்கில் நின்றபோது கேட்டாள்: “அன்னிக்கு என்ன இருந்திருந்தா நீங்க சொல்லியிருப்பீங்க? போன்ல ஒரு பட்டனா? ஒரு நம்பரா?”

பக்கிரிசாமி வைப்பர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே யோசித்தார். “தெரியலம்மா. முன்னாடியெல்லாம் சாயங்காலம் டிப்போவுல ஒரு அம்மா உக்காந்திருக்கும். சீட்டு வாங்கும்போது, இன்னிக்கு யாரு வூட்டுக்குக் குடுக்கலைன்னு கேக்கும். கேட்டா சொல்லுவோம். யாரும் கேக்கலைன்னா சொல்லணும்னு தோணவே இல்ல. அதுதான் எனக்கே பயமா இருக்கு.”

*

வாணி சொன்னபடி எழுதினாள். வசுந்தராவும் தன் பங்குக்குத் தன் பெயரைப் போட்டு ஆஸ்பத்திரிக்கு எழுதிவிட்டாள். அந்தத் ‘தாமத’க் கடிதம் போகவில்லை. அவளை அந்த வேலையிலிருந்து எடுத்து வேறு பிரிவில் உட்கார வைத்திருக்கிறார்களாம். போவதற்கு முன் ஒன்று மட்டும் செய்துவிட்டுத்தான் போனாள். திரும்பி வந்த எந்தப் பெட்டியும் ஒரு ராத்திரிக்கு மேல் அடுக்கில் இருந்தால், மறுநாள் காலை ஒரு மனுஷர் அந்த வீட்டுக்குப் போன் போட்டுப் பேசியே ஆகவேண்டும். பேசினேன் என்று தன் பெயரை எழுதாமல் அன்றைய லோரிகள் கிளம்ப முடியாது. லிம் இதற்காக அவளைச் சபித்துக்கொண்டிருந்தார்.

பக்கிரிசாமிக்கு எச்சரிக்கைக் கடிதம் ஒன்று வந்தது. கையெழுத்துப் போட்டார். லோரி கிடைத்தது. சுங்கை பூலோ தடம்தான், கிள்ளான் பக்கம் இல்லை. இராஜம்மா நாலு நாள் அவரிடம் சரியாகப் பேசவில்லை. ஐந்தாம் நாள், சம்பாலில் உப்பு பார்க்கச் சொல்லிக் கரண்டியை நீட்டினாள்.

டிசம்பர் இரண்டாம் வாரம், ஒரு வெள்ளிக்கிழமை பகல், சுங்கை பூலோவில் ஒரு வீட்டு வாசலில் லோரிக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தபோது போன் வந்தது. தெரியாத நம்பர்.

“வாணி பேசறேன். தூக்குச்சட்டிய திருப்பிக் குடுக்க வந்தப்ப ஆன்டிகிட்ட நம்பர் வாங்கினேன்.”

“சொல்லும்மா.”

“அம்மாவ நாளைக்கு அனுப்பறாங்க. வண்டிக்காரங்க கீழயே விட்டுட்டுப் போயிடுவாங்களாம். அம்மாவால ஒரு படிகூட ஏற முடியாது. கீழ் வூடு பாத்துக்கிட்டு இருக்கேன், அடுத்த மாசம்தான் கெடைக்கும்.” அவள் நிறுத்தினாள். “எனக்கு ஒங்கள கேக்கப் புடிக்கல. ஆனா அந்தப் படிக்கட்டுல எங்க வழுக்கும்னு ஒங்களுக்குத் தெரியும்.”

“எத்தன மணிக்கும்மா?”

“மூணு மணி. லேட் ஆக்காதீங்க.”

அவர் இரண்டரைக்கே போய் நின்றார். வீட்டிலிருந்து கை வைத்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைக் கொண்டுபோயிருந்தார். அக்காவை அதில் உட்கார வைத்து, போர்வையால் இடுப்பைச் சுற்றிக் கட்டினார். தான் கீழ்ப்பக்கம், நாற்காலிக் கால்களைப் பிடித்துக்கொண்டு, முதுகைப் படிக்குக் காட்டாமல், பாரம் முழுக்கத் தன் நெஞ்சில் சாய்கிற மாதிரி. வாணி மேல்பக்கம். மழைச் சாரல் அடித்து முதல் மாடித் திருப்பம் ஈரமாக இருந்தது. “இங்க ஓரமா கால வைம்மா” என்றார். வாணி வைத்தாள்.

இரண்டாம் மாடி தாண்டி, மூன்றாவதில் பாதியில் அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. பெட்டியானால் இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்கலாம். பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த படிக்குக் காலைத் தூக்கினார்.

“எறக்கு” என்றார் சீதாலெட்சுமி.

“பரவால்லக்கா, போயிரலாம்.”

“எறக்குன்னு சொல்றேன்ல. ஒனக்கு மூச்சு முட்டுது.”

திருப்பத்தில் நாற்காலியை இறக்கினார்கள். வாணி சுவரில் சாய்ந்தாள். பக்கிரிசாமி படியில் உட்கார்ந்து, முழங்காலில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டார். வெளியே பண்டமாரான் கூரைகள் முழுக்க மழை. கீழே யாரோ அவசரமாகத் துணி எடுக்கிறார்கள். அக்கா அவரைப் பார்க்கவில்லை, மழையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கிரிசாமியின் மூச்சு ஒழுங்காகும்வரை மூன்று பேரும் அப்படியே இருந்தார்கள்.

பிறகு அக்கா போர்வையை இழுத்துச் சரிசெய்துகொண்டு, நாற்காலியின் கைகளை இறுகப் பிடித்தார்.

“சரி,” என்றார். “தூக்கு.”